நடுவில் நின்ற கைப்பிடி

எங்கள் வீட்டில் கரண்டுக்குப் பஞ்சமில்லை. பேச்சுக்குத்தான்.

அப்பாவின் ஜெனரேட்டரைப் பழைய இரும்புக் கடையில் போட்டால் நல்ல எடை நிற்கும் என்று அத்தான் சொன்னதையும், அதற்குப் பதிலாக அத்தானின் பேட்டரிகளுக்கு அப்பா 'ஊமைப் பெட்டிகள்' என்று பெயர் வைத்ததையும் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அந்தச் சண்டை நடந்து இரண்டு வாரமாகிறது. அன்றிலிருந்து மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவதில்லை. இருவருக்கும் நடுவில் ஓடும் கம்பி நான்தான்.

ஒரே அறையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஃபேனை நிறுத்தச் சொல்லு என்பார் அப்பா, என்னிடம். அது சோலாரில் ஓடுகிறது, ஓடட்டும் என்று சொல்லு என்பார் அத்தான், என்னிடம். நான் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு வீட்டை ஒரு தடவை சுற்றிக் காட்டிவிடுகிறேன். வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

அப்பா ஒரு சின்ன சினிமா தியேட்டரில் ஜெனரேட்டர் ஓட்டியவர். தியேட்டரை மூடியபோது ஆளுக்கொரு நாற்காலி எடுத்துக்கொண்டு போக, அப்பா ஜெனரேட்டரையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதை 'அது' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "இவர் இன்னைக்குக் கொஞ்சம் இருமுறார்" என்பார். வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, புகைக்குழாயைச் சந்துப் பக்கம் நீட்டிக்கொண்டு இவர் குடியிருக்கிறார்.

அத்தான் சோலார் விற்பவர். அக்காவோடு எங்கள் வீட்டுக்குக் குடிவந்தபோது துணிமணிக்கு முன்னால் பேனல்கள் வந்து இறங்கின. இப்போது மொட்டை மாடி முழுக்கப் பேனல், மாடிப்படிக்குக் கீழே பேட்டரி. பேட்டரியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று போனில் பார்த்துச் செய்தி வாசிக்கிற மாதிரி அவ்வப்போது வீட்டுக்கு அறிவிப்பார். வந்த வேகத்தில் கேஸ் அடுப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கரண்ட் அடுப்பு வைத்தார். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, பேசிப் பேசியே தெரு முழுக்க வைத்துவிட்டார். இந்த அடுப்பைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன், மாலையில் வயரிங் வகுப்புக்குப் போகிறேன். வகுப்பில் மற்றவர்கள் ஒரு தடவை முறுக்குகிற திருகாணியை நான் மூன்று தடவை முறுக்குவேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது சரியாக இறுகியதா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

அம்மாவைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், இந்த வாரம் அம்மாவுடையது என்பதால்.

பொத்தான் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள் அம்மா. கம்பெனி மூடியதும் கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு, ஒரு இன்குபேட்டர் வாங்கிக்கொண்டு வந்தாள். மரப்பெட்டி. உள்ளே சூடேற்றும் கம்பி. முட்டையை அடுக்கி, சூடு குறையாமல் பார்த்துக்கொண்டால் மூன்று வாரத்தில் கோழிக்குஞ்சு. முதல் தடவை அடுக்கியபோது கரண்ட் போனது. அன்றைக்குப் பார்த்து இவருக்கு டீசல் இல்லை, அத்தானும் அப்போது எங்களோடு இல்லை. ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. அம்மா அந்த முட்டைகளைத் தானே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து பாத்திரம் துலக்கினாள். துலக்கி முடித்த பாத்திரத்தை மறுபடியும் எடுத்துத் துலக்கினாள்.

இது இரண்டாவது தடவை. முட்டை கொடுத்த பண்ணைக்காரர் குஞ்சு பொரிக்கிற நாள் சாயங்காலம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். நன்றாகப் பொரித்திருந்தால் தொடர்ந்து முட்டை அனுப்புவார். இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அம்மாவும் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா பெட்டியை யாருக்காவது குடுத்துடுவேன். அப்புறம் ஒருத்தரும் எனக்கு ஆறுதல் சொல்ல வரக்கூடாது."

குஞ்சு வெளியே வரவேண்டிய அதே நாளில்தான், லைன் வேலை நடக்கிறது, காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது என்று மின்சார ஆபீஸ் அறிவித்தது.

அதைக் கேட்டு எங்கள் தெருவில் சந்தோஷப்பட்டவர்கள் இரண்டே பேர். இருவரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள்.

சந்தோஷத்துக்குக் காரணம் பின்னறை. இப்போது அங்கே இன்குபேட்டர் இருக்கிறது, தற்காலிகமாக. மழையில் நனையும் இவரை அங்கே கொண்டுவர வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மாடிப்படிக்குக் கீழே புழுங்கும் பேட்டரிகளை அங்கே மாற்ற வேண்டும் என்பது அத்தானின் ஆசை. இரண்டு கோரிக்கைகளும் என் வழியாக அம்மாவிடம் போய்க்கொண்டே இருந்தன. அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால் அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

"எந்தக் கரண்டுல குஞ்சு பொரிக்குதோ, அந்தக் கரண்டுக்காரருக்கு ரூம். இனிமே இந்தப் பேச்சு எடுக்கக் கூடாது."

காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை ஜெனரேட்டர், அதற்குப் பிறகு சோலார் என்று பங்கும் பிரித்துவிட்டாள். பங்கை மாற்றிவிடுவதற்கு ஒரு சுவிட்ச் வேண்டும். அதைச் செய்தது நான். வகுப்பில் பயிற்சிக்காகப் பழைய சாமான்களைக் கொண்டு செய்தது. கைப்பிடியை மேலே தள்ளினால் ஜெனரேட்டர். கீழே இழுத்தால் சோலார். நடுவில் நின்றால் ஒன்றும் கிடையாது. ஸ்பிரிங் கொஞ்சம் முரடு. கடைசியில் ஒரு அழுத்து அழுத்தினால்தான் 'டக்' என்று உட்காரும், இல்லாவிட்டால் நழுவி நடுவுக்கே வந்துவிடும். கரண்ட் போகிறதா என்று காட்ட ஒரு சின்ன விளக்கு வைப்பதற்கு ஓட்டைகூடப் போட்டிருந்தேன். சிவப்பு வைப்பதா பச்சை வைப்பதா என்று முடிவு செய்ய முடியவில்லை. அடுத்த வாரம் வாத்தியாரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஓட்டையைக் காலியாக விட்டுவிட்டேன்.

வாத்தியார் சுவிட்சைப் பார்த்துவிட்டு 'பரவாயில்லை' என்றார். அந்தப் 'பரவாயில்லை' நல்லதா கெட்டதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

சுவிட்சை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. இருவரும் தலையாட்டினார்கள். ஒரே விஷயத்துக்கு அவர்கள் சேர்ந்து தலையாட்டியதைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

காலையில் நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்னறையில் உட்கார்ந்திருந்தபோது, இரவு டியூட்டி முடிந்து அக்கா வந்தாள். பையைக் கீழே வைக்காமலே, அவர்கள் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"சரி. அதுவும் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மாடிக்குத் தூங்கப் போய்விட்டாள்.

இதில் என்ன நல்லது என்று எனக்குப் புரியவில்லை. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன்.

கரண்ட் போனது. அடுத்த நிமிடம் இவர் எழுந்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. அப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, குழந்தை மேடையேறிப் பாடுவதைப் பார்க்கும் தகப்பன் மாதிரி நின்றார். தியேட்டரில் ஒரு படம்கூடப் பாதியில் நின்றதில்லை என்று 'சொல்லு' என்றார். நான் தலையைத் திருப்பினேன். ஆமாம், பாட்டும் வசனமும் யாருக்கும் கேட்டதில்லை என்று 'சொல்லு' என்றார் அத்தான். திருப்பிய தலையைத் திருப்பினேன்.

எதிர்வீட்டு டீச்சர் வேலைக்குப் போகிற வழியில் போனைச் சார்ஜில் போட வந்தார். இங்கே இரண்டு கரண்ட் இருந்தும் பேச ஆளில்லையே என்று என்னிடம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

அம்மா இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. பெட்டியின் கண்ணாடி ஜன்னலைத் துணி போட்டு மூடியிருந்தாள். பொரிக்கும் நேரத்தில் யாரும் முறைத்துப் பார்க்கக் கூடாதாம். பெட்டியில் காதை ஒட்டி வைத்துக் கேட்டாள். இவருடைய சத்தத்தில் எதுவும் கேட்காமல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து, அதில் காதை வைத்தாள். பிறகு என்னையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். முட்டைக்குள்ளிருந்து கீச் கீச் என்று வந்தது. முட்டை ஓட்டை உடைப்பதற்கு முன்பே குஞ்சு உள்ளேயிருந்து பேசுமாம். அம்மாவின் முகத்தை அப்படி நான் பொத்தான் கம்பெனி நாட்களில்கூடப் பார்த்ததில்லை.

மதியம் நான்தான் மாற்றினேன். நன்றாக அழுத்தி, 'டக்' என்று சத்தம் கேட்டு, சந்தேகத்துக்கு இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தேன். அத்தான் தொண்ணூற்றாறு சதவீதம் என்று அறிவித்தார். அப்பா ஜெனரேட்டரை நிறுத்தவில்லை. இவர் சும்மா ஓடிக்கொண்டிருக்கட்டும், அவசரத்துக்கு உதவும் என்றார். யாருடைய அவசரத்துக்கு என்று சொல்லவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவுக்குத் திடீரென்று ஸ்பானர் தேவைப்பட்டது. அது பின்னறையில் இருக்கிறதாம். போய்விட்டுக் கையை வீசிக்கொண்டு திரும்பினார். கொஞ்ச நேரத்தில் அத்தானுக்குச் சார்ஜர் தேவைப்பட்டது. அதுவும் பின்னறையில்தானாம். அவரும் கையை வீசிக்கொண்டு திரும்பினார். இருவர் முகத்திலும், யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு வந்தவர்களின் அமைதி இருந்தது. அம்மா அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள், நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"சின்னவளே, இங்க வா."

அம்மா சத்தமே போடவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. ஓடிப் போனேன்.

பெட்டியின் பக்கவாட்டில் செருகியிருந்த தெர்மாமீட்டரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். சூடு எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அக்காவின் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தாள். பாதரசம் அந்தக் கோட்டுக்கு வெகு கீழே கிடந்தது.

முதலில் என் வயரிங்தான் தப்பு என்று நினைத்தேன். எந்தத் திருகாணி, எந்தக் கம்பி என்று மனதுக்குள் ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்தேன். பிறகுதான் சுவிட்சைப் பார்த்தேன். கைப்பிடி நடுவில் நின்றது.

அப்பாவும் அத்தானும் வாசலில் வந்து நின்றார்கள். கரண்டே போகவில்லை, சுவிட்ச் நடுவில் இருக்கிறது என்றேன்.

"நடுவுலயா? நான் மேலதானே தள்ளினேன்" என்றார் அப்பா.

"நான் கீழதானே இழுத்தேன்" என்றார் அத்தான்.

பிறகு இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். மூடி என்ன பிரயோஜனம்? கேட்க வேண்டியவள் கேட்டுவிட்டாள்.

'டக்' என்ற சத்தம் வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று இருவருமே மெதுவாக, மிக மெதுவாக, பூனையைத் தடவிக்கொடுக்கிற மாதிரி கைப்பிடியைத் தள்ளியிருக்கிறார்கள். முரட்டு ஸ்பிரிங் ஒவ்வொரு தடவையும் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டது. அப்பா ஜெனரேட்டரில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு தூங்கி வழிய, அத்தான் சோலாரில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு போனைப் பார்க்க, அம்மாவின் பெட்டி எதிலும் ஓடாமல் ஆறிக்கொண்டிருந்தது. அந்த விளக்கை மட்டும் நான் வைத்திருந்தால், சிவப்போ பச்சையோ, எரியவில்லை என்று யார் கண்ணிலாவது பட்டிருக்கும்.

அடுத்து நடந்ததை என்னால் தடுக்க முடியவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் சுவிட்சின் மேல் பாய்ந்தார்கள். ஒருவர் மேலே தள்ள, ஒருவர் கீழே இழுக்க, கைப்பிடி உடைந்து அப்பாவின் கையோடு வந்தது. உள்ளே இருந்த பித்தளைத் தகடு வளைந்து இரண்டு பக்கமும் தொட்டது. இரண்டு வாரமாக முகம் பார்க்காமல் இருந்த இரண்டு கரண்டும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன.

டமார்.

மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் நீளமாக ஒரு தடவை கூவிவிட்டு அடங்கியது. பொசுங்கிய வாசனை வந்தது. ஃபேன் நின்றது. பின்னால் இவர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தார், ஆனால் வெறும் சத்தம்தான். விளக்கைப் போட்டுப் பார்த்தேன், எரியவில்லை. இன்ஜின் ஓடுகிறது, கரண்ட் வரவில்லை. மாடியில் அத்தனை பேனலும் வெயிலில் பளபளவென்று கிடக்கின்றன, ஒரு பல்பு எரியாது.

யாரும் எதையும் தொடக்கூடாது என்று நான் கத்தினேன். நான் கத்தி அவர்கள் கேட்டது இதுதான் முதல் தடவை. இரண்டு பக்க வயரையும் பிடுங்கிப் போட்டேன். பிடுங்கிவிட்டேனா என்று மறுபடியும் போய்ப் பார்த்தேன்.

அம்மா யாரையும் திட்டவில்லை. டம்ளரைக் கவிழ்த்து, காதை வைத்துக் கேட்டாள். நிமிர்ந்தாள்.

"சத்தம் நின்னுபோச்சு" என்றாள்.

சத்தம் கேட்டு அக்கா எழுந்து வந்துவிட்டாள். தலைமுடி ஒரு பக்கம், சால்வை ஒரு பக்கம். என்ன ஆனது என்று ஒரு தடவைதான் கேட்டாள். நான் சொன்னதும் அவள் நர்ஸாகிவிட்டாள். அலமாரியிலிருந்து ரப்பர் வெந்நீர்ப் பைகளை எடுத்து வந்து, பெட்டியைத் திறக்க வேண்டாம், கீழே தண்ணீர்த் தட்டு வைக்கிற இழுப்பறையில் இதைச் செருகலாம், வெந்நீர் கொண்டு வாருங்கள் என்றாள்.

எல்லோரும் சமையலறைக்கு ஓடினோம். அங்கே கரண்ட் அடுப்பு இருந்தது. கண்ணாடி மாதிரி வழவழவென்று, சில்லென்று.

பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்று அப்பா சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். பக்கத்து வீட்டிலும் அதே அடுப்பு. எதிர்வீட்டிலும் அதே அடுப்பு. அத்தான் தரையைப் பார்த்தார். தெருவிலேயே சிறந்த விற்பனையாளர் அவர்.

முதலில் நகர்ந்தது அப்பாதான். ஒரு தகர டப்பாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த இவருடைய புகைக்குழாய் கொதித்துக்கொண்டிருந்தது. டப்பாவை அதன்மேல் வைத்துக் கம்பியால் கட்டினார். அத்தான் மாடிக்கு ஓடினார். செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற கறுப்பு ரப்பர் குழாய் பேனல்களுக்குப் பக்கத்தில் வெயிலில் சுருண்டு கிடந்தது. அதற்குள் தேங்கியிருந்த தண்ணீரை வாளியில் பிடித்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார்.

பின்னறை வாசலில் டப்பாவும் வாளியும் எதிர்ப்பட்டன.

அக்கா இரண்டிலும் விரலை வைத்துப் பார்த்தாள். அப்பாவுடையது கொதிக்கிறது, முட்டை வெந்துவிடும் என்றாள். அத்தானுடையது போதாது, குளிக்கத்தான் ஆகும் என்றாள். கொஞ்ச நேரம் ஆறட்டும் என்று அப்பா என்னிடம் சொன்னார். வெயிலில் இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தால் சூடாகும் என்று அத்தான் என்னிடம் சொன்னார். நான் தலையைத் திருப்பப் போனேன்.

"அவ தலையை விடுங்க" என்றாள் அம்மா. "ரெண்டையும் ஒண்ணா ஊத்துங்க."

ஊற்றினார்கள். அக்கா முழங்கையால் தொட்டுப் பார்த்தாள். தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு தொழிற்சாலை ஓடியது. பை ஆற ஆற மாற்ற வேண்டும். அப்பா டப்பாவோடு பின்பக்கமிருந்து வருவார், அத்தான் வாளியோடு மாடியிலிருந்து வருவார், அம்மா கலப்பாள், அக்கா செருகுவாள், நான் தெர்மாமீட்டரைப் படிப்பேன். சரியாகத்தான் படிக்கிறேனா என்று ஒவ்வொரு தடவையும் குனிந்து ஒன்று, நிமிர்ந்து ஒன்று பார்த்துவிட்டுச் சொல்வேன். பாதரசம் ஊர்ந்து ஊர்ந்து நகப்பூச்சுக் கோட்டுக்கு வந்தது. பேனல் வந்த பெட்டிகளின் தெர்மோகோல் அட்டைகளை அத்தான் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றி முட்டுக் கொடுத்தார்.

எத்தனையாவது நடையிலோ அப்பா வாசலில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"உட்காருங்க மாமா. டப்பாவையும் நானே எடுத்துட்டு வரேன்."

அத்தான் அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். என் தலை சும்மா இருந்தது.

அப்பா யோசித்தார். இவரை அந்நியர் கையில் கொடுப்பது பற்றிய யோசனை அது.

"துணி வச்சுப் பிடிங்க மாப்பிள்ளை. கம்பியை இடது பக்கமா அவிழ்க்கணும். வலது பக்கம் போனீங்கன்னா கை பொசுங்கிடும்."

"சரி மாமா."

"அப்புறம்... இவருகிட்ட கொஞ்சம் மரியாதையா நடந்துக்குங்க."

"சரி மாமா."

அக்கா இழுப்பறையில் பையைச் செருகிக்கொண்டிருந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். சந்தோஷம் என்றுதான் நினைத்தேன்.

கோடு வரை சூடு வந்துவிட்டது. ஆனால் உள்ளே சத்தம் வந்ததா இல்லையா என்று தெரியவில்லை. அம்மா டம்ளரில் காதை வைப்பாள், எடுப்பாள், இந்தப் பக்கம் வைப்பாள். இவருடைய இரைச்சல் சுவர் வழியாக வந்துகொண்டே இருந்தது.

"என்னங்க" என்றாள் அம்மா. "கொஞ்சம் நிறுத்துங்களேன். ஒண்ணுமே கேக்கல."

நிறுத்தினால் குழாய் ஆறிவிடும். ஆறினால் வெந்நீர் கிடையாது. அதைவிட, அப்பா ஓடுகிற ஜெனரேட்டரைத் தானாக நிறுத்தி நான் பார்த்ததில்லை. கரண்ட் வந்தால்தான் நிறுத்துவார். அப்பா எழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, பின்னால் போனார். இரண்டு இருமல் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததை நான் கேட்டதே இல்லை. தெருவில் ஒரு சைக்கிள் போவது கேட்டது. அம்மா காதை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அத்தான் வாளியைத் தரையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார், வைத்தால் சத்தம் வரும் என்று.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. ஒரு விரலை மட்டும் மேலே தூக்கினாள். பிறகு இன்னொரு விரலை.

அப்புறம் டம்ளர் தேவைப்படவில்லை. கீச்சென்று எங்கள் எல்லோருக்குமே கேட்டது. அம்மா ஜன்னல் துணியை ஓரமாக விலக்கினாள். ஒரு முட்டையில் நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல், அதற்குள்ளிருந்து ஒரு மூக்கு. முறைத்துப் பார்க்கக் கூடாது என்று சொன்ன அம்மா, மூக்கு கண்ணாடியில் இடிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா முகத்தைத் திருப்பி, டீசல் துணியால் கண்ணைத் துடைத்து, எரிச்சல் தாங்காமல் குழாயடிக்கு ஓடினார்.

இவரை மறுபடியும் எழுப்பி, வெந்நீர் நடை தொடர்ந்தது. சாயங்காலம் பண்ணைக்காரர் வந்தபோது கரண்ட் இன்னும் வரவில்லை. பின்னறைத் தரை முழுக்கத் தண்ணீர். தெர்மோகோல் துண்டுகள் மிதந்தன. முட்டைகளில் முக்கால்வாசிக்கு மேல் பொரித்து, ஈரம் காய்ந்த குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்று கத்தின. அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். காலைத் தூக்கிப் பார்த்தார். தெருவே இருட்டாக இருக்கும்போது இவ்வளவு நன்றாகப் பொரித்திருக்கிறதே, எந்தக் கம்பெனி மெஷின் என்று கேட்டார்.

அம்மா, வாளியோடு நின்ற அத்தானையும், டப்பாவோடு உட்கார்ந்திருந்த அப்பாவையும் பார்த்தாள்.

"எங்க வீட்டு ஆம்பளைங்கதான்" என்றாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அடுத்த தடவை நூறு முட்டை அனுப்புகிறேன், இடம் இருக்குமா என்று கேட்டார். இருக்கும், அறை முழுக்க என்னுடையதுதான் என்றாள் அம்மா. எந்தக் கரண்டிலும் பொரிக்கவில்லை, ஆகவே எந்தக் கரண்டுக்காரருக்கும் அறை இல்லை. யாரும் மேல்முறையீடு செய்யவில்லை.

அவர் போன பிறகு நான் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தேன். உடைந்த கைப்பிடி என் மடியில் இருந்தது. பித்தளைத் தகட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரு தடுப்பு வைத்திருந்தால் டமார் நடந்திருக்காது. எனக்கு ஏன் இதெல்லாம் நடந்த பிறகே தோன்றுகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கமிருந்து அப்பாவின் குரலும் அத்தானின் குரலும் கேட்டன. நூறு முட்டைக்கு இது போதாது, இவரையும் பேட்டரியையும் சேர்த்து ஒரே லைனில் வைக்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் மறுக்க, சத்தமாக, நேராக, எனக்கு வேலையே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்பிள்ளை, மாடியில மேற்குப் பக்கம் சும்மாதானே கிடக்கு. அங்கயும் ரெண்டு பேனல் போட்டுடுங்க. ஒரு பத்து வருஷத்துக்குக் கவலை இல்லாம இருக்கலாம்."

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இன்னும் தூங்கப் போகவில்லை.

"எனக்கு மாற்றல் போட்டுட்டாங்க" என்றாள், குரலைத் தாழ்த்தி. "வேற ஊரு. அடுத்த மாசமே போகணும்."

நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அத்தானுக்குத் தெரியுமா என்று கேட்டேன். யாருக்குமே தெரியாது என்று தலையசைத்தாள்.

"ரெண்டு பேரும் பேசாம இருக்கிறவரைக்கும், நாங்க கிளம்பறது சுலபம்னு நினைச்சேன். அப்பாவுக்கும் நிம்மதி, உன் அத்தானுக்கும் நிம்மதின்னு. இப்போ போய் எப்படிச் சொல்லுவேன்?"

பின்னால் அப்பா எதற்கோ சிரித்தார். அத்தானும் சிரித்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. தெரு முழுக்க விளக்குகள் எரிந்தன, எங்கேயோ ஒரு டிவி பாதி வாக்கியத்தில் பேச ஆரம்பித்தது. வந்துடுச்சு என்று அம்மா பின்னறையிலிருந்து குரல் கொடுத்தாள். அந்த வெளிச்சத்தில் அக்கா என் பக்கம் திரும்பினாள். இரண்டு வாரமாக அப்பாவும் அத்தானும் என் பக்கம் திரும்பும்போது இருக்குமே, அதே முகம்.

"நீயே சொல்லிடேன்" என்றாள்.